படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி

உள்ளேயே ஸ்பீக்கர் வைத்த கம்ப்யூட்டர் மானிட்டரை வாங்கி வீட்டில் மாட்டியவர்களில் பாதிப்பேராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "படம் வருகிறது, சத்தம் ஏன் வரவில்லை?" என் வயதுக்காரர்கள் இதை என்னிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். நான் பொறியாளன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதி, கோப்பு நகர்த்தி, ஓய்வு பெற்றவன். ஆனால் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், மானிட்டர் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு மொழிகளில் மடித்து வைத்திருக்கும் கையேட்டில் பிரெஞ்சுப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்துவிடுவேன். அந்த ஒரு காரணத்தால் எங்கள் தெருவில் எனக்கு 'மானிட்டர் தாத்தா' என்று பெயர் வந்துவிட்டது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இருப்பது வேறு, அந்த ஸ்பீக்கருக்கு ஒலி வந்து சேருவது வேறு. நீல நிற முனை கொண்ட பழைய வி.ஜி.ஏ கம்பியில் ஒலிக்கு இடமே கிடையாது. அதில் எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் படம்தான் வரும். ஒலிக்குத் தனியாக இன்னொரு கம்பி வேண்டும். எச்.டி.எம்.ஐ கம்பியில் இரண்டும் சேர்ந்து வரும், கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தேர்வு மட்டும் செய்ய வேண்டியிருக்கும்.

இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். புதுவையில் பல தெருக்களில் மகனோ மகளோ பேத்தியோ பிரான்சில் இருக்கும் வீடுகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை பெரிய திரையில் பேத்தியின் முகம் தெரிகிறது, உதடு அசைகிறது, குரல் மட்டும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவரிடம் ஒரு கடையில் "மானிட்டர் போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. முழ நீளத்தில் ஒரு கம்பிதான் இல்லை.

படத்தையும் ஒலியையும் இப்படிப் பிரித்து வைத்தது யார், மறுபடி சேர்த்தது யார் என்று தேடிப் படித்தபோது, நான் படித்த பிரெஞ்சு மொழியும் அந்த நாடும் இந்தக் கதையில் நல்ல இடம் பிடித்திருப்பது தெரிந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலிக் கம்பியின் முனையில் இருக்கும் அந்தச் சின்ன ஊசியைக் கவனியுங்கள். அது கம்ப்யூட்டரைவிட மிகவும் மூத்தது. 1878-ஆம் வருடம் ஜனவரியில் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் வணிக முறையில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. பிறகு சந்தாதாரர்கள் பெருகப் பெருக, ஒருவர் இணைப்பை இன்னொருவர் இணைப்போடு சட்டென்று சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. பலகை முழுவதும் துளைகள், கையில் ஊசி வைத்த கயிறு போன்ற கம்பிகள் என்ற ஏற்பாடு அப்படி வந்தது. அந்த ஊசி கால் அங்குலத் தடிமன், அதாவது 6.35 மி.மீ. எங்கள் அலுவலகத்தில் பழைய போர்டில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அம்மா, தலையில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறோம். அந்த ஊசியின் பேரப்பிள்ளைதான் இன்று நாம் செருகும் 3.5 மி.மீ. ஜாக். முதலில் டிரான்சிஸ்டர் ரேடியோவின் காதுக் கருவிக்காக இளைத்தது. 1979-ல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது இரண்டு காதுக்கும் சேர்த்து உலகம் முழுக்கப் பரவியது. முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள்.

அந்த ஊசியை உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரியும். அவை அதை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பும் யோசனைகூடப் பழையதுதான். 1881-ல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர், ஒப்பேரா மேடையின் முன்வரிசையில் டெலிபோன் ஒலிவாங்கிகளை வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்களின் ஒவ்வொரு காதுக்கும் ஒரு குழலைக் கொடுத்தார். பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பது காதிலேயே தெரிந்தது. ஸ்டீரியோ என்று நாம் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதை அங்கே வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இனி படத்துக்கு வருவோம். தொலைக்காட்சியில் படமும் ஒலியும் ஒரே ஏரியல் வழியாக வந்து ஒரே பெட்டிக்குள் இறங்கின. நம் தலைமுறை பார்த்த முதல் திரை அதுதான். ஆகவே படம் வரும் இடத்தில் ஒலியும் வந்தாக வேண்டும் என்பது நம் மனதில் பதிந்துவிட்டது. கம்ப்யூட்டர் அந்த வீட்டுப் பிள்ளை அல்ல. அது ஆபீஸ் பிள்ளை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டர் கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் வந்தது. தவறாக எதையாவது அழுத்தினால் 'பீப்' என்று கத்துவதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும் என்று நினைத்தார்கள். அதையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆபீசில் டைப்ரைட்டர் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் அதிகாரிகளுக்கு, பாடும் மேசை எதற்கு? மானிட்டர் பச்சை எழுத்துகளைக் காட்டிக்கொண்டு ஊமையாக இருந்தது.

1987-ல் அதே ஐ.பி.எம்., பி.எஸ்-2 என்ற வரிசைக் கம்ப்யூட்டர்களோடு வி.ஜி.ஏ என்ற இணைப்பைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி, அவை ஒவ்வொன்றுக்கும் திரும்பும் வழி, வரி எப்போது தொடங்குகிறது, பக்கம் எப்போது தொடங்குகிறது என்று சொல்ல இரண்டு, மானிட்டர் இன்ன வகை என்று தெரிவிக்கச் சில. எண்ணிப் பார்த்தால் ஒலிக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் அதை மறந்துவிடவில்லை, அந்தக் காலத்தில் அனுப்புவதற்கு ஒலியே இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1989-ல்தான், சிங்கப்பூரில் பிறந்த கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையை விற்கத் தொடங்கியது. அதைக் கம்ப்யூட்டருக்குள் தனியாகச் செருக வேண்டும். படம் ஒரு அட்டையிலிருந்து, ஒலி வேறொரு அட்டையிலிருந்து. பின்பக்கம் படத்துக்கு ஒரு துளை, ஒலிக்கு வேறு துளை. ஒரே கட்டிடத்தில் இரண்டு இலாகாக்கள் இருந்தும், ஒன்றின் தபால் மற்றதன் வழியாகப் போகாது என்பது எங்களுக்குப் பழக்கமான சங்கதி.

1990-களில் 'மல்டிமீடியா' என்ற சொல் கிளம்பியது. சி.டி. போட்டுப் பாட்டுக் கேட்கலாம், கலைக்களஞ்சியத்தில் யானையைத் தொட்டால் பிளிறும் என்றெல்லாம் விளம்பரம். அப்போதுதான் மானிட்டரின் இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி ஸ்பீக்கர் வைத்தார்கள். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் குழாய்த் திரையில் படத்தை எழுதுவது எலக்ட்ரான் கற்றை. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். காந்தம் அந்தக் கற்றையை இழுத்துவிடும், திரையின் ஓரத்தில் முகம் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறிவிடும். காந்தப்புலம் வெளியே கசியாத சிறப்பு ஸ்பீக்கர்களைத்தான் அதற்குள் வைக்க முடிந்தது. சில மானிட்டர்களைப் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்து படம் நடுங்கி நிற்குமே, திரையில் ஒட்டிய காந்தத்தை நீக்கும் ஏற்பாடு அது. தட்டைத் திரை வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் இடம் இல்லாமல் ஸ்பீக்கர் சுருங்கி, பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்துக்கொண்டு சுவரோடு பேச ஆரம்பித்தது.

இப்படி ஸ்பீக்கர் வந்த பின்னும் வி.ஜி.ஏ கம்பி மாறவில்லை. ஆகவே பச்சைத் துளையிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு கம்பி. அந்தப் பச்சை நிறமும் தானாக வந்ததல்ல. 1990-களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் சேர்ந்து வகுத்த விதிகளில் எந்தத் துளைக்கு எந்த நிறம் என்று எழுதினார்கள். ஸ்பீக்கருக்கு எலுமிச்சைப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, வெளியிலிருந்து வரும் ஒலிக்கு வெளிர்நீலம், படத்துக்கு நீலம், விசைப்பலகைக்கு ஊதா. எழுத்து தெரியாத கண்ணுக்கும் நிறம் தெரியும் என்ற அளவில் அது நல்ல காரியம்.

இப்போது பிரான்சுக்குப் போவோம். இந்த விஷயத்தில் அவர்கள் வேறு பாதையில் போனார்கள்.

1970-களின் இறுதியில் அங்கே ரேடியோ, தொலைக்காட்சிப் பெட்டி செய்பவர்களின் சங்கம் ஒரு இணைப்பை உருவாக்கியது. உலகம் அதை அந்தச் சங்கத்தின் முதலெழுத்துகளால் 'ஸ்கார்' அல்லது 'ஸ்கார்ட்' என்று அழைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'பெரிடெல்' என்றார்கள். தொலைக்காட்சியைச் சுற்றி இருப்பவை என்ற பொருளில் 'பெரிதெலெவிசியோன்' என்று ஒரு சொல்லைச் செய்து, அதைச் சுருக்கிக்கொண்டார்கள். உள்ளங்கையில் பாதி நீளத்துக்கு ஒரு பருத்த முனை, அதில் 21 இணைப்புகள். வீடியோ டெக்கோ விளையாட்டுக் கருவியோ கம்ப்யூட்டரோ எதுவானாலும், ஒரே முனையைச் செருகினால் படம் போகும், இடது வலது ஒலி போகும், ஒலி திரும்பியும் வரும். எட்டாவது ஊசியில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். டெக்கைப் போட்டதும் அந்த ஊசியில் சுமார் 12 வோல்ட் ஏறும். தொலைக்காட்சி அதை உணர்ந்து, பார்த்துக்கொண்டிருந்த நிலையத்தை விட்டுவிட்டு டெக்குக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். வீட்டில் பாட்டி எந்தப் பொத்தானையும் தேட வேண்டாம். அந்த முனை சரியாக உட்காராமல் பாதியில் நழுவும் என்று அங்கே இருப்பவர்கள் திட்டுவார்கள், அதுவும் உண்மைதான்.

1980 முதல் பிரான்சில் விற்கும் புதிய வண்ணத் தொலைக்காட்சிகளில் இந்த இணைப்பு கட்டாயம் என்று அரசாங்கம் ஆணையிட்டது. ஒரு கம்பி முனைக்கு அரசாணையா என்று சிரிக்கலாம். அரசாணைகளோடு வாழ்ந்தவன் என்பதால் நான் சிரிக்கவில்லை. அதற்கு இரண்டு காரணம் இருந்தது. பிரான்ஸ் 'செக்காம்' என்ற தன் சொந்த வண்ண முறையைப் பயன்படுத்தியது. வெளிக் கருவிகள் ஏரியல் துளை வழியாக நுழைய வேண்டுமானால் அந்த முறைக்கு மாற்றித் தரும் சுற்று வேண்டும், அது விலை அதிகம். சிவப்பு, பச்சை, நீலத்தை நேராகவே உள்ளே விட்டுவிட்டால் அந்தச் செலவு இல்லை. இது நல்ல காரணம். வெளிநாட்டுப் பெட்டிகளுக்கு இது ஒரு வேலியாகவும் இருக்கும் என்பது இன்னொரு காரணமாகப் பேசப்பட்டது. அந்த நாட்களின் போக்கைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது. 1982 அக்டோபரில், இறக்குமதியாகும் வீடியோ டெக்குகள் அனைத்தும் புவாத்தியே என்ற ஊரின் சுங்க அலுவலகம் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டார்கள். புவாத்தியே துறைமுகம் அல்ல, நாட்டின் உள்ளே இருக்கும் நடுத்தர ஊர். அங்கே இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். ஜப்பானியப் பெட்டிகள் லாரி லாரியாக வந்து நிற்க, ஒவ்வொரு காகிதத்தையும் பொறுமையாகப் படித்தார்களாம். எந்தச் சட்டத்தையும் மீறாமல் ஒரு வேலையை நிறுத்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. வரலாறு படித்த லிசே மாணவர்களுக்கு 732-ல் புவாத்தியேயில் ஷார்ல் மார்த்தேல் படையைத் தடுத்து நிறுத்திய கதை நினைவுக்கு வந்திருக்கும். சில மாதங்களில், 1983-ல், அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார்கள்.

பெரிடெல்லின் நோக்கம் எதுவாக இருந்தாலும் பலன் நன்றாக இருந்தது. தோம்சோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் டி.ஓ.7, எம்.ஓ.5 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் செய்தது. 1985 ஜனவரியில் பிரதமர் லொரான் ஃபபியூஸ் 'எல்லோருக்கும் கணினி' என்ற திட்டத்தை அறிவித்து, சுமார் 1,20,000 கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவற்றில் பெரும்பகுதி தோம்சோனுடையவை. கிராமத்துப் பள்ளி ஆசிரியர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொலைக்காட்சியோடு இணைக்க ஒரே ஒரு முனையைச் செருகினால் போதும். பிள்ளைகள் ஒளிப்பேனாவால் திரையைத் தொடுவார்கள், படம் மாறும், அதே திரையிலிருந்து ஒலியும் வரும். பயிற்சி போதாமல், மென்பொருள் போதாமல், பல பள்ளிகளில் அந்தக் கம்ப்யூட்டர்கள் அலமாரிக்குள் போய்விட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது: ஸ்பீக்கர் உள்ள திரையை ஒற்றைக் கம்பியில் இணைப்பது என்ற பிரச்சினை பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் 1985-லேயே தீர்ந்திருந்தது. அமெரிக்காவில் அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒலியே இல்லாத வி.ஜி.ஏ பிறந்தது. உலகம் முழுக்கப் பரவியது வி.ஜி.ஏ தான்.

பெரிடெல் புதுவைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவரின் மகன், 1980-களில் பிரான்சிலிருந்து ஒரு பெரிய வண்ணத் தொலைக்காட்சியைக் கப்பலில் போட்டு அனுப்பினார். இங்கே தூர்தர்ஷன் 'பால்' முறையில் ஒளிபரப்பியது, அதன் ஒலி அனுப்பும் முறையும் வேறு. மொட்டை மாடியில் எவ்வளவு உயரத்துக்கு ஏரியல் கட்டினாலும் அந்தப் பெட்டியில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. "பிரெஞ்சுப் பெட்டி தமிழ் பேசாதுங்க மாமா" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அடுத்த விடுமுறைக்கு வந்த மகன் ஒரு பெரிடெல் கம்பியைக் கொண்டுவந்து, சிங்கப்பூர் வீடியோ டெக்கை அதில் மாட்டினார். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது, வண்ண முறை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒலி மணியாகக் கேட்டது. ஒலிக்கு பால், செக்காம் என்ற சண்டை எதுவும் இல்லை, அது தனி ஊசியில் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. அன்று இரவு திண்ணை நிறையக் கூட்டம். நான் முதல் முதலில் அந்த 21 ஊசி முனையைக் கையில் வாங்கிப் பார்த்தது அங்கேதான்.

அமெரிக்காவிலும் இரண்டையும் சேர்க்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் 1988-ல் நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். அதன் 17 அங்குல மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கரும் மைக்கும் இருந்தன. படம், ஒலி, மின்சாரம், விசைப்பலகை, சுட்டி எல்லாம் ஒரே கம்பியில் போயின. விலை 6,500 டாலர். அதை வாங்கியவர்கள் குறைவு. ஆனால் பிரான்ஸ்-சுவிஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதை வைத்துக்கொண்டுதான் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் இணையத்தளத்தின் முதல் நிரலை எழுதினார். 1993-ல் ஆப்பிளும் ஸ்பீக்கர் வைத்த ஒரு மானிட்டரைக் கொண்டுவந்தது. ஒரே முனையில் 45 ஊசிகள். வேறு மானிட்டரை மாட்ட வேண்டுமானால் இடையில் ஒரு மாற்றுமுனை வாங்க வேண்டியிருந்தது, அதனால் சீக்கிரமே கைவிட்டார்கள். கம்ப்யூட்டர் செய்பவர் ஒருவர், மானிட்டர் செய்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்ட சந்தையில், ஒரு நிறுவனம் மட்டும் தனி முனை வைத்தால் நிலைக்காது. எல்லோரும் ஒரே முனையை வைக்க வேண்டும். அதை பிரான்ஸ் சட்டம் போட்டுச் செய்தது. மற்ற இடங்களில் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி முடிக்க 2002 வரை ஆயிற்று.

அதற்கு முன் 1999-ல் டி.வி.ஐ என்ற இணைப்பு வந்தது. படம் எண்களாக மாறிப் போனது, தெளிவு கூடியது. ஒலியை அப்போதும் சேர்க்கவில்லை. 2002 டிசம்பரில்தான் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ முறையை வெளியிட்டன: ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தோம்சோன், தோஷிபா. ஆம், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் செய்த அதே தோம்சோன். ஊசிகளின் எண்ணிக்கை 19.

அவர்கள் ஒலிக்கு இடம் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பழைய குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரி எழுத இடப்பக்கம் திரும்ப வேண்டும். டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளுவோமே, அது மாதிரி. திரும்பும் நேரத்தில் எதுவும் எழுதக்கூடாது, அதனால் அந்த நேரத்துக்குப் படம் அனுப்பாமல் காலியாக விடுவார்கள். பக்கம் முடிந்து மேலே போகும்போதும் அப்படியே. தட்டைத் திரையில் திரும்பும் கற்றை எதுவும் இல்லை. இருந்தும், பழைய வழக்கத்தை ஒட்டி அந்தக் காலி நேரம் டி.வி.ஐ-யிலும் தொடர்ந்தது. இன்று சாதாரணமாக நாம் பார்க்கும் 1920-க்கு 1080 அளவுப் படத்தில் ஒரு வரிக்கு 2200 புள்ளிகளுக்கான நேரம் ஒதுக்கப்படுகிறது. அதில் 1920 தான் படம், 280 காலி. வரிகள் 1125, அதில் 45 காலி. மொத்தத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நேரம் கம்பி சும்மா கிடக்கிறது. எச்.டி.எம்.ஐ செய்தவர்கள் ஒலியை அந்த இடைவெளியில் சின்னச் சின்னப் பொட்டலமாக ஏற்றி அனுப்பினார்கள். படத்துக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. காலாவதியான ஒரு கருவியின் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் இன்று உங்கள் பேத்தியின் குரல் வருகிறது.

இதிலும் ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கம்ப்யூட்டரில் ஒலி ஒரு சுற்றில், எச்.டி.எம்.ஐ துளை வேறொரு அட்டையில். தொடக்க காலத்தில் சில பட அட்டைகளுக்கு, ஒலிச் சுற்றிலிருந்து பெட்டிக்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பி இழுக்க வேண்டியிருந்தது. பிறகு பட அட்டைக்குள்ளேயே ஒலிச் சுற்றையும் வைத்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைய கம்ப்யூட்டரில் ஒலிக்கு இரண்டு வாசல் இருக்கிறது: பச்சைத் துளை ஒன்று, எச்.டி.எம்.ஐ மற்றொன்று. இரண்டில் எதன் வழியாக அனுப்புவது என்று நாம் சொல்ல வேண்டும். எச்.டி.எம்.ஐ-யில் மாட்டியும் சத்தம் வராதவர்கள், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வருகிற பட்டியலில் மானிட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மானிட்டரின் சொந்தப் பொத்தானில் ஒலி அளவு பூஜ்யத்தில் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. எச்.டி.எம்.ஐ கம்பியைச் செருகியதும் மானிட்டர் தன்னைப் பற்றிய ஒரு விவரச் சீட்டைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது, நம் சர்வீஸ் ரிஜிஸ்தர் மாதிரி: பெயர், அளவு, ஒலி வாங்குமா வாங்காதா. ஸ்பீக்கரே இல்லாமல் ஹெட்போன் துளை மட்டும் உள்ள மானிட்டர்கள்கூட 'வாங்கும்' என்று எழுதி அனுப்புவது உண்டு. கம்ப்யூட்டர் அதை நம்பி ஒலியை அங்கே அனுப்பிவிடும், மேசையில் இருக்கும் ஸ்பீக்கர் வாயடைத்துப் போகும். அப்போதும் மருந்து அதே பட்டியல்தான்.

வி.ஜி.ஏ-யில் மாட்டியிருப்பவர்கள் இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. ஊசி உள்ள கம்பி ஒன்றை வாங்குங்கள். ஒரு முனை கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில். மறுமுனை மானிட்டரின் பின்னால், பல சமயம் கண்ணுக்குத் தெரியாமல் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும் ஒலித் துளையில். அங்கே ஒரே மாதிரி இரண்டு துளை இருந்தால் கவனம் வேண்டும். ஒன்று ஒலி உள்ளே வருவதற்கு, மற்றது ஹெட்போனுக்காக வெளியே போவதற்கு. என் மாதிரி பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கையேட்டில் 'ஆந்த்ரே', 'சோர்த்தி' என்று இருக்கும், பள்ளிக்கூடக் கதவுகளில் படித்த அதே சொற்கள். நமக்கு வேண்டியது ஆந்த்ரே. ஹெட்போன் படம் போட்ட துளையில் செருகினால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஒன்றும் கேட்கவும் கேட்காது. சில மானிட்டர்களில் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மெனுவிலும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக, பழைய கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ மட்டும் இருந்து, புதிய மானிட்டரில் எச்.டி.எம்.ஐ மட்டும் இருப்பவர்கள். இடையில் ஒரு சின்ன மாற்றுப்பெட்டி விற்கிறார்கள். அதன் பக்கவாட்டில் 3.5 மி.மீ. துளை ஒன்று இருக்க வேண்டும், கம்ப்யூட்டரின் பச்சைத் துளையிலிருந்து ஒலியை அதற்குள் கொடுத்தால்தான் மறுபக்கம் எச்.டி.எம்.ஐ-யில் சேர்ந்து போகும். யு.எஸ்.பி வழியாக மின்சாரமும் அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். துளை இல்லாத மலிவுப் பெட்டிகளும் அதே கண்ணாடிப் பேழையில்தான் தொங்குகின்றன. பணம் கொடுக்கும் முன் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள்.